வெள்ளிக் கை

தம்பி, போன ஞாயிற்றுக்கிழமை உன் வருங்கால மாமியார் வீட்டில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் சொன்ன ஒரு பதிலால் உன் முகம் கறுத்துப்போனது. கலியாணத்துக்கு முன் இரண்டு குடும்பமும் சேர்ந்து நயினாதீவுக்குப் போய், அம்மனுக்கு எல்லோர் பெயரிலும் அர்ச்சனை செய்துவிட்டு வரலாம் என்று அவர்கள் ஆசையோடு கேட்டார்கள். நான் வரவில்லை என்றேன். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை. "கோயிலுக்குத்தானே அக்கா, கடலுக்குப் பயமெண்டால் நான் உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்று உன் மாமியார் பகிடியாகச் சொல்லி என்னைக் காப்பாற்றப் பார்த்தார். நான் அதற்கும் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது நீ, "இதைக் கேக்கத்தானோ அம்மா, நான் கனடாவிலயிருந்து வந்தனான்?" என்றாய். உனக்கு ஒரு பதில் தரவேண்டியது என் கடமை. வாயால் சொன்னால் நடுவில் அழுதுவிடுவேன் என்று தெரியும். அதனால் எழுதுகிறேன்.

எழுதி உறையில் போட்டு உன்னிடம் மட்டும் தந்திருக்கலாம். ஊர்ச் சங்கம் அச்சிடுகிற ஆண்டு மலருக்கு ஏன் அனுப்புகிறேன் என்று நீ கேட்பாய். என் கைகளைப் பற்றி முதன்முதலில் ஊரறியச் சொன்னது நானில்லை. சொன்னதும் உண்மையில்லை. நாற்பது வருடத்துக்குக் கிட்ட ஆகிவிட்டது. அன்று கேட்டவர்களில் பாதிப்பேர் உயிரோடு இல்லை, மீதிப்பேர் உலகம் முழுவதும் சிதறிப் போய்விட்டார்கள். இருந்தாலும் இந்த முறை நானே சொல்கிறேன்.

என் இடது கைப் பெருவிரல் நகம் நடுவில் மடிந்து வளர்வதையும், இரண்டு விரல்களில் நகம் பாதிக்கு மேல் வராததையும் நீ சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறாய். என் மடியில் இருந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, இது ஏன் இப்படி என்று கேட்பாய். வளர்ந்த பிறகு சொல்கிறேன் என்பேன். நீ வளர்ந்ததும் கேட்பதை விட்டுவிட்டாய். உன் அப்பாவுக்கும் இந்தக் கதை முழுதாகத் தெரியாது.

நாங்கள் அப்போது யாழ்ப்பாணத்தை அடுத்த தீவில், கரம்பொனில் இருந்தோம். என் அப்பா தெற்கில் ஒரு பட்டினத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் பலர் அப்படித்தான். வருடத்தில் பெரும்பகுதி அங்கே, பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் இங்கே. நான் வீட்டில் ஒரே பிள்ளை. கையில் கிடைத்ததையெல்லாம் வாசிக்கிற பிள்ளை. சீனி சுற்றி வந்த கடதாசியைக்கூட விரித்து, கிழிந்த இடத்தில் என்ன எழுதியிருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டு இருப்பேன். அப்பா வரும்போது எனக்குச் சட்டைத்துணி கொண்டுவர மாட்டார், புத்தகம் கொண்டுவருவார். அம்மா அதற்காக அவரோடு சண்டை பிடிப்பார். பெட்டைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட வைத்துத்தான் ஓய்வீர்கள் என்பார். அப்பா எனக்குக் கண்ணைக் காட்டிச் சிரிப்பார். இந்த உலகத்தில் எனக்கு ஒரு கூட்டாளி உண்டென்றால் அது அவர்தான் என்று நான் நம்பியிருந்தேன். இதை நீ மனதில் வைத்துக்கொண்டு மீதியை வாசிக்கவேண்டும்.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடியில், தெற்கில் தமிழரை அடித்து எரித்த நாட்களில், அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லாமல் போனது. வானொலியில் சொன்னதை விட, சொல்லாமல் விட்டதைத்தான் பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்ப் பெண்கள் வந்து எங்கள் விறாந்தையில் அம்மாவைச் சுற்றி இருப்பார்கள். என்னைக் கண்டதும் குரலைத் தாழ்த்துவார்கள். நான் அலுமாரிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு புத்தகத்தோடு போய் இருந்துகொள்வேன். பக்கம் திரும்பாது. அப்போதுதான் ஒருநாள் என் சுட்டுவிரல், பெருவிரல் நகத்தின் ஓரத்தில் சின்னதாகக் கிளம்பி நின்ற ஒரு தோலைக் கண்டுபிடித்தது. அதைப் பிடித்து இழுத்தேன். சுரீரென்று நொந்தது. அந்த ஒரு கணம் விறாந்தையின் குரல்கள் எனக்குக் கேட்கவில்லை. அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியாது. பிறகு அடுத்த விரலில் தேடினேன். கிளம்பி நிற்காத இடத்தில் நகத்தால் கிளப்பினேன். தோல் முடிந்தபோது நகத்தின் அடியைக் கிண்டத் தொடங்கினேன்.

அப்பா கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, வேறு யாருடையதோ ஒரு சேட்டை உடம்பில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கடை இல்லை. அங்கே என்ன நடந்தது, எங்கே ஒளித்திருந்தார், யாரைக் கண்டார் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "வந்திட்டன்தானே" என்பார். அவர் வந்ததும் என் விரல்கள் தாமாக நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. பாடம் கேட்கும்போது, வாசிக்கும்போது, பேருந்துக்கு நிற்கும்போது, எனக்கே தெரியாமல் ஒரு கை மற்றக் கையைத் தேடிப் போகும். இரத்தம் வந்த பிறகுதான் நான் விழித்துக்கொள்வேன். எத்தனை தரம் சத்தியம் செய்தேன். மிளகாய்த் தூளைப் பூசிக்கொண்டு ஒருநாள் இருந்தேன். எரிவோடு எரிவாகக் கிண்டினேன்.

புண் சீழ் பிடிக்கும். நகச்சுத்து வந்துவிட்டது என்று அம்மா தேசிக்காயில் துளை போட்டு விரலில் செருகிவிடுவார். அந்தக் கோலத்தோடு பள்ளிக்கூடம் போவேன். "தேசிக்காய் வந்திட்டுது, சொதியை இறக்குங்கோடி, புளி விடுவம்" என்று முதலில் சொன்னவள் மலர். நாரந்தனையிலிருந்து வருகிற பிள்ளை, என் கூட்டுக்காரி, வகுப்பில் எனக்கு அடுத்த இடம், சில தவணைகளில் எனக்கு முந்தின இடம். அவள் சொன்னால் நானும் சேர்ந்து சிரிப்பேன். அம்மாவோ சவர்த் தண்ணீரால் தோலில் வந்த நோய், ஒரு வருத்தம் என்று நம்பினார். பரியாரியார் ஒரு எண்ணெய் தந்தார். நான் யாரையும் திருத்தவில்லை. பள்ளிக்கூட நூலகத்தில் ஒரு சுகாதாரப் புத்தகம் இருந்தது. நாம் பார்க்கிற நகம் உயிரில்லாதது, உயிருள்ள வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, வேர் காயப்பட்டால் நகம் பிறகு கோணலாகவே வளரும் என்று அதில் படம் போட்டு விளக்கியிருந்தது. அந்தப் பக்கத்தை நான் பாடமாக்கினேன். எதை அழிக்கிறேன் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். தெரிந்துகொண்டு அழிக்கிற ஒரு பிள்ளையை யாருக்குச் சொல்லி விளங்கப்படுத்துவது?

அதை விளங்கிக்கொண்டவர் ஒருவர்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கிணற்றடியில் நான் என்னை மறந்து இருந்தபோது அப்பா பின்னால் நின்றிருக்கிறார். திடுக்கிட்டுக் கைகளைப் பாவாடைக்குள் ஒளித்தேன். அவர் கிட்ட வந்தார். பக்கத்தில் குந்தியிருந்து, என் கையை வெளியே எடுத்து விரித்துப் பார்த்தார்.

"நோகேல்லையோ பிள்ளை?"

"செய்யேக்க நோகாது அப்பா. பேந்துதான் நோகும்."

அவர் தலையாட்டினார். தனக்குத் தெரிந்த ஓர் ஊரின் பெயரைக் கேட்டவர் போல் தலையாட்டினார். அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று நான் கெஞ்சினேன். அம்மாவுக்கும் இல்லை, ஒருத்தருக்கும் இல்லை, இது நம் இரண்டு பேருக்குள் என்று சொன்னார். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் நாங்கள் கிணற்றடிக்குப் போவோம். சிறிய நகவெட்டியால் கிளம்பி நிற்கும் தோலை ஒட்ட வெட்டிவிடுவார், பிடித்து இழுக்க ஒன்றும் மிஞ்சாதபடி. தேங்காய் எண்ணெய் பூசுவார். மிகவும் மோசமான விரலுக்கு வெள்ளைத் துணி சுற்றுவார். வாசிக்கும்போது மடியில் வைத்துக்கொள்ள ஒரு கட்டு ஓலை தருவார். ஒரு கை புத்தகத்தைப் பிடித்தால் மற்றக் கை ஓலையைக் கிழிக்கட்டும் என்பார். வெட்டின நகத்தை வளவில் விட்டால் தரித்திரம் என்று அம்மா சொல்வதால், எல்லாவற்றையும் கடதாசியில் பொறுக்கிக் கட்டிக்கொண்டு போவார். யாரும் எனக்கு அப்படியொரு வேலை செய்ததில்லை. மெல்ல மெல்ல நகங்கள் வந்தன. ஒருமுறை பத்து விரலிலும் வெள்ளை விளிம்பு தெரிந்தது. நான் ஓடிப்போய்க் காட்டினேன். தெற்கிலிருந்து வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கண்டேன்.

அந்தக் காலைகளில் நான் அவருடைய கைகளையும் பார்த்திருக்கிறேன். இரண்டு பெருவிரல் நகங்களின் நடுவிலும் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்துக்குக் குறுக்கே, வற்றுக் கடலின் மணலில் கிடக்கிற வரிகள் மாதிரி வரிவரியாக இருக்கும். கடையில் கடதாசியில் சாமான் மடித்துச் சரை கட்டிக் கட்டி வந்த தேய்மானம் என்று நானாகவே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன்.

சாதாரண தரப் பரீட்சையில் மலரும் நானும் நன்றாகச் செய்திருந்தோம். தீவில் எங்கள் பள்ளிக்கூடத்தில் உயர்தரத்துக்கு விஞ்ஞானப் பிரிவு இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. விடுதியில் இருவரும் ஒரே அறையில் இருப்பது என்று வீட்டாரும் பேசி முடித்திருந்தார்கள். நான் தாவரவியல் படிக்கவேண்டும், பிறகு பல்கலைக்கழகம் போகவேண்டும் என்பது என் எண்ணம். இன்னும் காணாத பல்கலைக்கழக நூலகத்தின் அலுமாரிகளை மனதில் அடுக்கிக்கொண்டு திரிந்தேன். ஆனால் பரீட்சையும், அதன் பிறகு பெறுபேறுக்குக் காத்திருந்ததும் விரல்களை மறுபடி கெடுத்துவிட்டன. முன்னெப்போதையும் விட மோசம். அப்பா ஞாயிறு தோறும் பார்த்துப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருந்தார்.

ஆனியில் நயினாதீவில் திருவிழா. விடுதிக்குப் போகுமுன் பிள்ளையை அம்மனைக் கும்பிடக் கூட்டிக்கொண்டு போவோம் என்றார் அப்பா. அம்மா, அப்பா, நான். குறிகாட்டுவான் துறையில் லோஞ்ச் படகில் ஏறும்போது மலரும் தாயும் அதே லோஞ்சில் வந்தார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்து, அறையில் யன்னல் பக்கக் கட்டில் யாருக்கு என்று சண்டை பிடித்துக்கொண்டு போனோம்.

கோயில் வெளிவீதியில் சனம் நெரிந்தது. அப்பா ஒரு ஓரமாக நின்று, பையிலிருந்து ஒரு பித்தளைத் தட்டத்தை எடுத்தார். வெற்றிலை, பூ, கற்பூரம் எல்லாவற்றையும் அடுக்கினார். கடைசியாக ஒரு கடதாசிப் பொட்டலத்தை அவிழ்த்தார். வெள்ளித் தகட்டில் வெட்டிய ஒரு கை.

உனக்கு அந்த வழக்கம் தெரிந்திருக்கும். கண்ணில் வருத்தமென்றால் வெள்ளிக் கண், காலில் என்றால் வெள்ளிக் கால். நேர்ந்துகொண்டு, உருச் செய்வித்து, வருத்தக்காரரே தட்டத்தில் ஏந்தி வீதி சுற்றிவந்து அம்மனுக்குக் கொடுக்கவேண்டும். ஊரில் யார் எந்த உருவைத் தூக்கிக்கொண்டு போகிறார் என்று பார்த்தே யாருக்கு எங்கே நோய் என்று எல்லோரும் அறிந்துகொள்வார்கள். நான் அந்தக் கையைப் பார்த்தேன். விரல்களை வடிவாக வெட்டியிருந்தார்கள். நகம் வைக்கவில்லை.

"அப்பா, இது ஆருக்கு?"

"உனக்குத்தான் பிள்ளை. நேந்து வைச்சனான்."

"ஒருத்தருக்கும் சொல்லமாட்டன் எண்டு சொன்னனீங்கள்."

"ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. அம்மனுக்குத்தானே சொன்னனான்."

அவர் அதை ஏமாற்றாகச் சொல்லவில்லை, தம்பி. மனதார நம்பித்தான் சொன்னார். தட்டத்தை என் கையில் வைத்தார். அதை ஏந்துவதற்குப் பத்து விரலும் வேண்டும். மூன்று வருடமாகப் புத்தகத்துக்கு அடியிலும், கைலேஞ்சித் துணிக்குள்ளும், பாவாடை மடிப்பிலும் ஒளித்து வைத்திருந்த விரல்களைத் தட்டத்தின் விளிம்பில் வரிசையாக வைத்துக்கொண்டு, நடுவில் வெள்ளிக் கை மினுங்க, அந்தச் சனத்துக்குள்ளால் நான் நடந்தேன். பாவம் பிள்ளை என்று வழிவிட்டார்கள். அம்மா பின்னால் அழுதுகொண்டு வந்தார்.

அர்ச்சனை செய்த ஐயர் வயதானவர், காது மந்தம். அப்பா என் பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கச் சொல்லவேண்டியிருந்தது. என்ன வருத்தம் என்று ஐயர் கேட்டார். கையில் வருத்தம், நகமெல்லாம் சிதைகிறது என்று அதையும் உரக்கச் சொன்னார். ஐயர் விளங்கவில்லை என்று மறுபடி கேட்க, மறுபடியும் சொன்னார். பக்கத்தில் நின்ற மலரின் தாய் என் விரல்களை உற்றுப் பார்த்தார்.

"என்ன அண்ணை, பிள்ளைக்குத் தோல் வருத்தமோ? எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்லை."

"ஓம் தங்கச்சி, ஒரு வருத்தம். அம்மன் மாத்துவா."

திரும்பி வரும்போது லோஞ்சில் மலரைத் தாய் மறுபக்கம் கூட்டிக்கொண்டு போய் இருத்தினார். மலர் என்னைப் பார்த்துத் தோளைக் குலுக்கினாள். அவளுக்கு என் விரலில் இருந்த தேசிக்காயைத்தான் தெரியும், அவ்வளவுதான். வேறு ஒன்றும் அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை.

பிறகு நடந்ததை நீயே ஊகித்திருப்பாய். மலரின் தாய் நேரே விடுதிக்குப் போய், தொற்று வருத்தக்காரப் பிள்ளையோடு தன் மகளை விடமுடியாது என்று சொல்லிவிட்டார். தகப்பனையும் பிள்ளையையும் வந்து பார்க்கும்படி விடுதிப் பிள்ளைகளுக்குப் பொறுப்பான மேற்றன் ஆள் அனுப்பினார். பண்ணைப் பாலத்தால் பேருந்து போகும்போது நான் சந்தோசமாக இருந்தேன் என்றால் நம்புவாயா? கோயிலில் நடந்தது நடந்துவிட்டது, இனி அப்பாவுக்கு வேறு வழியில்லை, உள்ளதைச் சொல்லத்தான் வேண்டும், சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அவருக்கு உதவியாக நான் சொல்லவேண்டிய வசனங்களைக்கூட எழுத்துத் தமிழில் மனதுக்குள் ஆயத்தம் செய்துவைத்திருந்தேன்.

மேற்றன் கண்டிப்பானவர் என்று கேள்விப்பட்டிருந்தோம். ஆனால் என்னைப் பக்கத்தில் ஒரு கதிரையில் இருக்கச் சொன்னார். கையைக் கேட்டார். நீட்டினேன். வேறு யாரும் செய்யாததை அவர் செய்தார். என் கையைத் தன் கையில் எடுத்து, யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, விரல் விரலாகப் பார்த்தார்.

"இஞ்ச இருக்கிற பெட்டையளில கனபேர் நகத்தைத் தின்னுறவை. சோதினை வந்திட்டால் இவைக்குச் சோறு காச்சத் தேவையில்லை" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீரும் அப்பிடி ஏதும் செய்யிறனீரோ பிள்ளை?"

கதவு அவ்வளவு அகலமாகத் திறந்தது. நான் வாயைத் திறந்தேன்.

"இல்லை மிஸ்," என்றார் அப்பா. "அப்பிடி விசர் பிடிச்ச பழக்கம் எங்கட குடும்பத்தில ஒருத்தருக்கும் இல்லை. இது ஒரு வருத்தம். மருந்து செய்யிறம், நேத்தியும் வைச்சிருக்கிறம்."

என்ன வருத்தம் என்று வைத்தியர் யாரும் சொன்னாரா என்று மேற்றன் கேட்டார். இன்னும் பிடிபடவில்லை என்றார் அப்பா. மேற்றன் என் கையை மெல்ல என் மடியில் கொண்டுவந்து வைத்தார். அருவருப்பில் விடவில்லை, அதை நான் கவனித்தேன். மற்றப் பிள்ளைகளின் தாய் தகப்பனுக்குத் தான் பதில் சொல்லவேண்டும், வருத்தம் மாறட்டும், மாறின பிறகு கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னார். அப்போதும் அவருக்குத் திருப்தியில்லை. என் பக்கம் திரும்பி, நீர் ஏதும் சொல்லவேணுமோ என்று கேட்டார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். மடித்துத் தொடையில் போட்டிருந்த சால்வைக்கு அடியில் அவருடைய கை அசைந்துகொண்டிருந்தது. சால்வை விலகிய இடத்தில் தெரிந்தது. சுட்டுவிரல் நகம், பெருவிரல் நகத்தின் அடியை மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாக அராவிக்கொண்டிருந்தது. அந்தப் பள்ளத்தில். அந்த வரிகளில். அவர் மேற்றனைப் பார்த்துக்கொண்டு, மிக மரியாதையான முகத்தோடு, தான் அதைச் செய்வது தெரியாமலே செய்துகொண்டிருந்தார். சரை கட்டி வந்த தேய்மானம் அல்ல அது. அவரும் என்னைப் போலத்தான். கிணற்றடியில் தலையாட்டியது அதனால்தான். இவ்வளவும் தெரிந்த மனிதர், என்னையும் தன்னையும் ஒரே வசனத்தில் இல்லையென்று சொல்லிவிட்டார்.

அந்த மேசைக்கு முன்னால் அப்பாவைப் பொய்யராக்க எனக்கு நா எழவில்லை. "ஒண்டுமில்லை மிஸ்" என்றேன்.

என் கட்டிலில் வேறொரு பிள்ளை போய்ப் படுத்தாள். நான் தீவிலேயே கலைப்பிரிவு படித்தேன். அதில் எனக்கு மனவருத்தம் இல்லையென்று பலமுறை சொல்லியிருக்கிறேன். அது உண்மையில்லை. வருத்தக்காரப் பிள்ளை என்று பெயர் ஏறிவிட்டது. பூப்பு நீராட்டுகிற சாமத்திய வீடுகளில் என் வயதுப் பிள்ளைகள் ஆலாத்தித் தட்டம் தூக்குவார்கள், என்னைப் பந்தல் ஓரத்தில் இருத்துவார்கள். அதைவிடப் பெரிய நட்டம் ஒன்று உண்டு. அடுத்த ஞாயிறு அப்பா நகவெட்டியும் எண்ணெயும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் போய் இருந்தார். நான் குசினி அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இருந்தார். பிறகு வரவில்லை. அவரோடு நான் பேசாமல் விடவில்லை. சாப்பாடு போட்டேன், பத்திரிகை வாசித்துக் காட்டினேன், காய்ச்சலில் பக்கத்தில் இருந்தேன். ஆனால் என்னைப் பற்றி ஒரு சொல்லும் அவரிடம் அதற்குப் பிறகு சொன்னதில்லை.

தொண்ணூறில் சண்டை வந்து தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை வீட்டில் எனக்குக் கலியாணம் நடந்தது, நீ பிறந்தாய். நீ தவழுகிற காலத்தில் ஒருநாள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நகம் வெட்டினேன். நீ வாயை ஆவென்று திறந்துகொண்டு உன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்பா எதிரே கதிரையில் இருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெலிந்துபோயிருந்தார். இனிக் கேட்காவிட்டால் ஒருபோதும் கேட்கமாட்டேன் என்று தோன்றியது. தலையை நிமிர்த்தாமல் கேட்டேன். அந்த மனிசி கேட்ட நேரம் ஏன் அப்பா இல்லையெண்டு சொன்னனீங்கள்?

எந்த மனிசி என்று அவர் கேட்கவில்லை. உன் விரல்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"வருத்தமெண்டால் மருந்து கேப்பினம் பிள்ளை. நீயே செய்யிறாய் எண்டால், ஏன் செய்யிறாய் எண்டு கேப்பினம். எப்ப துவங்கினது எண்டு கேப்பினம். பேந்து எனக்கு அங்க என்ன நடந்தது எண்டு கேப்பினம். என்னால அதைச் சொல்ல ஏலாது."

அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன். உன் மறு கையை எடுத்து நகம் வெட்டி முடித்தேன். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்வதற்கு முன்பே அவர் கண்ணை மூடிவிட்டார்.

அவர் சொன்னது எனக்கு விளங்கியது. அவர் கண்டதைச் சொல்ல வாய் இல்லாத மனிதர் என்பதும், தன் மௌனத்தைக் காப்பாற்ற என்னை விலையாகக் கொடுத்தார் என்பதும் சேர்ந்தே விளங்கியது. விளங்கிவிட்டால் மனம் ஆறிவிடும் என்று புத்தகங்களில் வாசித்திருந்தேன். எனக்கு அப்படி ஆகவில்லை. நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு பெண் வைத்தியரிடம் வேறு ஏதோ வருத்தத்துக்குப் போனேன். என் கையைப் பார்த்ததும் அந்த மேற்றன் கேட்ட அதே கேள்வியை அவர் கேட்டார். இந்த முறை பக்கத்தில் யாரும் இல்லை. ஓம் என்றேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். இது விசரும் இல்லை, தோல் வருத்தமும் இல்லை, பதற்றத்தில் பலருக்கு வருகிற பழக்கம், இதற்கென்று கற்றுத்தருகிற வழிகள் உண்டு, வெட்கம்தான் இதை வளர்க்கிறது என்று சொன்னார். விரல் எப்போது தேடிப் போகிறது என்று கவனிக்கவும், அந்த நேரம் கைக்கு வேறு வேலை கொடுக்கவும், ஓரத்தை ஒட்ட வெட்டி எண்ணெய் பூசவும், புண்ணான விரலைச் சுற்றி வைக்கவும் சொல்லித் தந்தார். கிணற்றடியில் என் அப்பா செய்ததெல்லாம் அதுதான். அவர் கையில் மருந்தே இருந்திருக்கிறது, தம்பி. அதை விட்டுவிட்டுத்தான் வெள்ளிக் கை செய்யப் போனார். அதை நினைக்கும்போதுதான் எனக்கு இன்னும் அதிகமாக எரிகிறது.

நீ கலியாணம் செய்யப் போகிறாய். அந்தப் பிள்ளை ஒருநாள் உன்னிடம் ஒன்றைச் சொல்லுவாள். பெரிய விசயமாக இராது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய விசயமாகக்கூட இருக்கும். அதை உன்னிடம் சொல்ல அவளுக்கு எத்தனை காலம் பிடித்திருக்கும் என்று உனக்குத் தெரியாது. அவளுடைய நன்மைக்கென்று நினைத்துக்கூட அதை வெளியே கொண்டுபோகாதே. என்னிடம் கொண்டுவராதே. கடவுளிடம்கூடக் கொண்டுபோகாதே. அவளே போய்ச் சொல்லட்டும். யாராவது அவளிடம் நேரே ஒரு கேள்வி கேட்டால், அவளுக்கு முந்தி நீ பதில் சொல்லாதே. உன்னைப் பற்றி ஏதாவது அவளுக்குச் சொல்ல முடியாமல் இருந்தால், சொல்ல முடியவில்லை என்றாவது சொல். என் அப்பா அந்த ஒரு வசனத்தை எனக்குப் பன்னிரண்டு வயதில் சொல்லியிருந்தால் நான் அவரோடு சேர்ந்து வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன்.

அம்மனில் எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் விளக்கு வைக்கிறேன், நீ அறிவாய். அந்த வீதியில் மட்டும் என்னால் நடக்க முடியாது. அங்கே போனால் என் கைகள் தாமாகத் தட்டம் ஏந்துகிற மாதிரி விரிகின்றன. வீட்டிலிருந்து நினைத்தாலே விரிகின்றன.

நீங்கள் எல்லோரும் போய் வாருங்கள். உன் மாமியாரைக் கையைப் பிடித்து லோஞ்சில் ஏற்று. அர்ச்சனைக்கு ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்பார். உன்னுடையதைச் சொல், அவளுடையதைச் சொல், அவர்கள் வீட்டார் எல்லோருடையதையும் சொல். என் பெயரைச் சொல்லாதே. மாப்பிள்ளையின் தாய் ஏன் வரவில்லை என்று அங்கே யாராவது கேட்பார்கள். அம்மாவுக்கு வருத்தம் என்று சொல்லிவிடாதே, தம்பி. அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார் என்று சொல்.